சகோதரர் செங்கோடனின் ஆரம்ப ஜெபம்

“ஆரம்ப ஜெபத்தை நம்ம செங்கோடன் ஏறெடுப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் துணைவேந்தர் கண்களை மூடிக்கொண்டார்.

அவர் மூடியதும் நீள மேசையைச் சுற்றியிருந்த பதினோரு பேரும் மூடிக்கொண்டார்கள். அந்த அறையில் திறந்திருந்தவை செங்கோடனின் இரண்டு கண்கள் மட்டும்தான். கூட்டக் குறிப்பு எழுதுவதற்காகச் சுவரோரம் நின்று பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர், மூடி ஒரு கையிலும் பேனா ஒரு கையிலுமாக அப்படியே நின்றார்.

எபிராத்தா பல்கலைக்கழகத்தின் ஆபீஸ் சூப்பரின்டெண்டாக இருந்த பதினான்கு வருடத்தில் அவர் எத்தனையோ திறந்திருக்கிறார். தபால் பை திறந்திருக்கிறார். சாவி தொலைந்தபோது பதிவாளரின் பீரோவை ஸ்க்ரூடிரைவரால் திறந்திருக்கிறார். ஒரு கூட்டத்தை ஜெபத்தால் திறந்ததில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வருடம் தவறாமல் பங்குனியில் கொடுமுடிக்குப் போய்த் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிற ஆள் அவர்.

‘நானில்லீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் பதினோரு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லும்போது, முகத்துக்கு நேராக ‘மாட்டேன்’ என்று சொல்ல வெள்ளகோவில் பக்கத்து மனிதர்களுக்கு வாய் வராது. பந்தியில் வயிறு வெடிக்கிற நிலையில்கூட, ‘போதுமுங்க, சித்தெ மட்டும் ஊத்துங்க’ என்று இலையை நகர்த்துகிறவர்கள் அவர்கள். அதோடு, அன்று காலையில்தான் செங்கோடனின் பணி நீட்டிப்பு மனு துணைவேந்தரின் மேசைக்குப் போயிருந்தது.

வருகிற மே மாதம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. மகள் பிரவீனா அங்கேயே நர்சிங் இரண்டாம் வருடம். ஊழியர் பிள்ளைகளுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம். ஊழியர் ஊழியராக இருக்கும்வரை. இன்னும் இரண்டு வருடம் நாற்காலியில் இருந்தால் பிள்ளை நர்சாகிவிடும். இல்லாவிட்டால் பாதி நர்ஸ்.

செங்கோடன் கண்களை மூடினார்.

“ஆண்டவருங்களே, எல்லாரும் வந்துட்டமுங்க. கூட்டம் நல்லபடியா நடக்கோணுமுங்க. ஆரும் சண்டை போட்டுக்கக் கூடாதுங்க. ஆமெனுங்க.”

பிறகு ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. தூங்கிக்கொண்டே போனவர்கள், பஸ் இவ்வளவு சீக்கிரமா ஊர் வந்து சேர்ந்துவிட்டது என்று பார்ப்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நன்றி, பிரதர்” என்றார் துணைவேந்தர்.

எபிராத்தா பல்கலைக்கழகம் வெள்ளகோவிலில் இருந்து மூலனூர் போகிற வழியில், முருங்கைத் தோட்டங்களுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவில் இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது நுழைவு வளைவு. தேர் போகிற உயரம். உள்ளே நுழைந்தபிறகு பல்கலைக்கழகத்தைக் கொஞ்சம் தேட வேண்டும். மாணவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ‘சர்வதேச உறவுகள் மையம்’ என்று பலகை மாட்டியிருக்கிற கட்டடம் முன்பு தேங்காய்க் கிடங்காக இருந்தது. மழை பெய்தால் சர்வதேச உறவுகளில் இன்றைக்கும் கொப்பரை வாசம் அடிக்கும். பொங்கல் முடிந்து புதிதாக வந்திருந்த துணைவேந்தர் டாக்டர் தவசிமுத்து எபனேசர், கையெழுத்துக்குக் கீழே தன் பட்டங்களை எல்லாம் போடுகிறவர். பல நேரங்களில் பட்டம் முடிவதற்குள் தாள் முடிந்துவிடும்.

கூட்டம் முடிந்ததும் செங்கோடன் நேராகக் கேண்டீனுக்குப் போனார். நிதி அலுவலர் சுந்தரராஜுலு அங்கே ஏற்கெனவே டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எந்த விஷயத்துக்கும் ஒரு விளக்கம் கையில் வைத்திருப்பவர் அவர்.

“ஏனுங்க செங்கோடன், ரெவரெண்ட் ஞானபரணம் அங்கயே குத்த வெச்ச மாதிரி உக்காந்திருக்கறாரு. அவரை உட்டுப்போட்டு உங்களை எதுக்கு ஜெபம் பண்ணச் சொன்னாரு வி.சி.? ரோசன பண்ணுங்க.”

“அதானுங்க எனக்கும் தெரியல.”

“உங்க நெத்தியப் பாருங்க.”

செங்கோடன் நெற்றியைத் தடவினார். காலையில் இட்டிருந்த திருநீற்றைப் புது ஹெல்மெட் துடைத்து எடுத்திருந்தது.

“அவ்வளவுதான்” என்றார் சுந்தரராஜுலு. “நெத்தி வெறுசா இருந்துச்சு. நீங்களும் தலையக் குனிஞ்சுட்டு நின்னீங்க. நம்ம ஆளுதான்னு முடிவு பண்ணிப்போட்டாரு. ‘பிரதர்’ன்னு வேற கூப்புட்டாரல்ல? புதுசா வேதத்துல சேந்தவங்களைத்தானுங்க அப்படி முன்னால நிறுத்துவாங்க.”

“ஐயையோ. இப்பப் போயிச் சொல்லிப்போடறனுங்க.”

“சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க. பதினோரு பேருக்கு முன்னால பிரதர்ன்னு கூப்புட்டவரு மூஞ்சில கரியப் பூசுங்க. அப்பறம் எக்ஸ்டென்சன் பைல்ல கையெழுத்துக் கேளுங்க.”

“மத்தவங்களுக்குத் தெரியுமல்லங்க, நான் யாருன்னு? ரெவரெண்டுக்கே தெரியுமே. ஆராவது சொல்லிப்போட்டா?”

“வி.சி. சொன்னதைத் தப்புன்னு இங்க எந்த ஆளு சொல்லுவான்? நீங்களே சொல்லலையே!”

கேண்டீன் நடத்துகிற மைதீன் பிச்சை, கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர், கல்லாவில் இருந்தபடியே, “சார், நல்லா ஜெபம் பண்ணுனீங்களாமா?” என்று விசாரித்தார். செங்கோடன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். விஷயம் அதற்குள் அடுப்புவரை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, திருநீற்றைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே போனார். மாலையில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி இட்டுக்கொண்டார். மே மாதம் வரைக்கும் இப்படியே தலையைக் குனிந்து ஓட்டிவிடலாம் என்பது கணக்கு. குனிந்த தலையைத்தான் துணைவேந்தருக்குப் பிடித்துப்போயிற்று என்பதை அவர் மறந்துவிட்டார்.

நான்காம் நாள், பல்கலைக்கழகம் வாங்கிய பஸ்ஸுக்குப் பிரதிஷ்டை. தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஓட்டிக் களைத்த பஸ் அது. பெயின்டு மட்டும் புதிது. இந்த மாதிரி நேரங்களில் வளாகப் போதகர் ரெவரெண்ட் ஞானபரணம் ஜெபிப்பதுதான் வழக்கம். அவருடைய ஜெபம் ஏதேன் தோட்டத்தில் புறப்படும். நோவாவின் பேழையில் கொஞ்ச நேரம் மிதந்து, செங்கடலைக் கால் நனையாமல் கடந்து, ராஜாக்கள் ஒருவர் விடாமல் பார்த்து, பிரதமர், ஆளுநர், மாவட்ட ஆட்சியர் எல்லாருக்கும் ஞானம் கேட்டுவிட்டு மெதுவாக வெள்ளகோவில் வந்து சேரும். செங்கோடன் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு மலைத்து நிற்பார். ஒரு மனிதனுக்கு இத்தனை பேர் எப்படி ஞாபகம் இருக்கிறது! படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

“செங்கோடன், வாங்க பிரதர்” என்றார் துணைவேந்தர்.

செங்கோடன் போனார். இந்த முறை ஒரு யோசனையோடு போனார். மோசமாக ஜெபித்துவிட்டால் இனிமேல் கூப்பிடமாட்டார்கள்.

“ஆண்டவருங்களே, இது பஸ்ஸுங்க. பழசுங்க. பாத்து ஓட்டிக் குடுங்க. ஆமெனுங்க.”

“ஆமென்!” என்று டிரைவர் லட்சுமணசாமி போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காகங்கள் எழுந்தன. ஓட்டுகிற பொறுப்பை ஆண்டவரிடம் ஒப்படைத்ததில் அவருக்குத் தனியாக ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும். ரெவரெண்ட் ஞானபரணம் ஓடி வந்து செங்கோடனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

“என்ன ஒரு எளிமை, பிரதர்! என்ன ஒரு எளிமை!”

அடுத்த திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. ஆசிரியர் கூட்டம், ஆய்வகத் திறப்பு, விடுதி ஆண்டுவிழா. மூன்றுக்கும் ஆரம்ப ஜெபம்: சகோ. எஸ். செங்கோடன்.

பெயருக்கு முன்னால் இருந்த அந்த ‘சகோ.’வை அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

ஆய்வகத் திறப்பு அன்று தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்வது என்று முடிவு செய்தார். மாசி வெயிலில் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கையில் சுக்குக் கஷாய பிளாஸ்க்கோடு வந்து நின்றார். வாயைத் திறக்காமல் தொண்டையைக் காட்டி, கையை விரித்தார்.

“பேச்சே வரலையா?” என்றார் துணைவேந்தர். முகத்தில் கவலையா ஆவலா என்று தெரியவில்லை. “பரவாயில்ல பிரதர். வர்ற அளவுக்கு வரட்டும். ஒரு வார்த்தைன்னாலும் போதும்.”

செங்கோடன் மப்ளருக்குள்ளிருந்து, “நன்றிங்க. ஆமெனுங்க” என்றார்.

வேதியியல் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “நான் முப்பது வருஷமா ஜெபக் கூட்டங்களுக்குப் போறேன்” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது செங்கோடன் காதில் விழுந்தது. “இப்படி ஒண்ணைக் கேட்டதே இல்ல.”

வீட்டில் நிலைமை வேறு திசையில் முற்றிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில் பூஜை. பூசாரி சுப்பண்ணன் மணியை ஆட்டி, தீபாராதனை காட்டி, ஊருக்கெல்லாம் மழை வேண்டும் என்று சொல்லி முடித்தார். முடித்த அந்த நொடியில் செங்கோடனின் வாய், யாரையும் கேட்காமல், பழக்க தோஷத்தில் கணீரென்று சொன்னது:

“ஆமெனுங்க!”

சுப்பண்ணன் கையில் தட்டோடு திரும்பினார். கோயிலே திரும்பியது. கற்பூரம் மட்டும்தான் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முத்தாத்தாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, பத்து நாளா பால் சொசைட்டில எல்லாரும் எங்கிட்ட ஒரு மாதிரி பதமாப் பேசறாங்க. எதுக்குடாங்கறதே தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ‘உங்கூட்டுக்காரரு வேதத்துல சேந்துட்டாராமா, போச்சாது உடு அம்மணி, எல்லாச் சாமியும் ஒண்ணுதான்’ங்கறாங்க. ஊட்ல எழவு உழுந்த மாதிரி ஆறுதல் சொல்றாங்க எனக்கு!”

“நாஞ் சேரலீ, முத்தா. அவரா நெனச்சுட்டாரு.”

“நெனச்சவருகிட்ட இல்லைன்னு சொல்றதுக்கு என்னுங்க?”

“எப்படிச் சொல்றது? பெரியவரு…”

“பெரியவரு கெணத்துல குதின்னா குதிச்சுப்போடுவீங்களா?”

செங்கோடன் யோசித்தார். எல்லார் முன்னாலும் சொன்னால் குதித்துத்தான் ஆக வேண்டியிருக்கும் என்று பட்டது. அதைச் சொல்லவில்லை.

விடுதியில் இருந்து ஒரு நாள் லீவில் வந்திருந்த பிரவீனா, அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். “அம்மா, அப்பாவத் திட்டாதீங்க. அப்பா ஜெபம்னா எங்க கிளாஸ்ல ஒருத்தரும் கட் அடிக்கறதில்ல. ‘உங்கப்பாதானா இன்னைக்கு?’ன்னு காலைலயே எங்கிட்ட கேட்டு வெச்சுக்கறாங்க.”

செங்கோடனுக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஒரு துணைவேந்தரை ஏமாற்றுவது ஒன்று. அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் பின்னால் வருகிறார்கள் என்றால் அது வேறு.

“அம்மணி, உம்பட படிப்பு முடியோணுமுன்னுதான் பல்லைக் கடிச்சுட்டு இருக்கறேன்” என்றார்.

“அதுக்காவத்தான் நானும் கடிச்சுட்டு இருக்கறேன்” என்றாள் முத்தாத்தாள். “ஆனா பங்குனிக்குத் தீர்த்தம் எடுக்கையில சுப்பண்ணன் உங்களச் சேத்துவாரான்னு கேட்டுக்குங்க. நாளைக்கே போயி அந்தப் பெரிய மனுசன்கிட்ட உள்ளதைச் சொல்லிப்போடுங்க.”

மறுநாள் காலை பத்து மணிக்குச் செங்கோடன் துணைவேந்தரின் அறைக்குள் நுழைந்தார். கதவை இழுத்துச் சாத்தினார்.

“சார், ஒரு உண்மையைச் சொல்லிப்போடறனுங்க. மொதல் நாள்ல இருந்தே சொல்லோணுமுன்னு…”

துணைவேந்தர் கையை உயர்த்தினார். “வேண்டாம் பிரதர். எல்லாம் தெரியும்” என்றார். உயர்த்திய விரல் மேலேயே நின்றது.

செங்கோடன் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி இருந்தது. அதற்கும் மேலே இருக்கிறவரைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டார்.

“இல்லீங்க சார், அவருக்குத் தெரியுமுங்க. உங்களுக்கு…”

“மூணுல வைங்க. புழுங்குது.”

செங்கோடன் விசிறியை மூன்றில் வைத்துவிட்டுத் திரும்பினார். துணைவேந்தர் மேசையில் இருந்த ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். பட்டமளிப்பு விழா அழைப்பிதழின் மாதிரி. தங்க எழுத்து. சென்னையில் இருந்து வேந்தர் அம்மையார் வருகிறார். ஆயர் ஒருவர் சிறப்பு விருந்தினர். ஆரம்ப ஜெபம்: சகோ. எஸ். செங்கோடன்.

“சார், ஆயரே வர்றாருங்க! அவரை வெச்சுட்டு நானுங்களா?”

“ஆயர் ஆசீர்வாதம் மட்டும் சொல்வார். அவர்கிட்ட நான் பேசிட்டேன், அவருக்கும் சந்தோஷம்.” குரலைத் தாழ்த்தினார். “உங்க பைல் வேந்தர் முடிவுக்குப் போயிருக்கு. அன்னைக்கு அவங்க உங்களை நேர்ல பார்ப்பாங்க. எல்லாம் அன்னைக்கு உங்க ஜெபத்துலதான் இருக்கு, பார்த்துக்குங்க.”

சொல்ல வந்த உண்மை செங்கோடனின் வயிற்றுக்குள் திரும்பிப் போய்விட்டது.

அழைப்பிதழ் இரண்டாயிரம் அச்சடித்து ஊர் ஊராகப் போனது. மாரியம்மன் கோயில் சுவரில்கூட யாரோ ஒன்றை ஒட்டிவிட்டார்கள். சுப்பண்ணன் அதைக் கிழிக்கவில்லை. பெரிய காலேஜ்காரர்கள் ஒட்டியதைக் கிழித்தால் நன்றாகவா இருக்கும்? பக்கத்தில் தீர்த்தக் காவடி நோட்டீஸை ஒட்டிவிட்டார். இரண்டிலும் செங்கோடன் பெயர் இருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முன் மானமாவது மிஞ்சட்டும் என்று செங்கோடன் கடைசியாக ஒன்று செய்தார். ரெவரெண்ட் ஞானபரணத்தின் வீட்டுக்குப் போனார்.

“ஐயா, இத்தனை பெரிய சபையில என்னோட ரெண்டு வரி ஜெபம் நல்லாருக்காதுங்க. நீங்க பண்ற மாதிரி ஒண்ணு முழுசா எழுதிக் குடுத்தீங்கன்னா, மனப்பாடம் பண்ணிப்போடறனுங்க. ஆபிரகாமு, ஈசாக்கு, அல்லாருமே வரட்டுமுங்க.”

ஞானபரணத்தின் முகம் வெளுத்தது. “வேண்டாம் பிரதர்! வேண்டவே வேண்டாம்! யார் உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?”

“ஆரும் சொல்லலீங்க. நானா…”

“நீங்க பண்றதையே பண்ணுங்க. ஒரு வார்த்தை கூட்டாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.” ஒரு போதகர் ஒரு சூப்பரின்டெண்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கெஞ்சுவது செங்கோடனுக்குச் சங்கடமாக இருந்தது. எழுதிக்கொடுத்தால் தானும் இந்தப் பொய்க்கு உடந்தை ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி வெகுநேரம் முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு மேலே இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள் எல்லாரையும் இரண்டு மாதமாக ஏமாற்றியாகிவிட்டது. மனுசனை ஏமாற்றினதுகூடப் போகட்டும். அந்த ஆண்டவர் இவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் பேரைச் சொல்லித்தான் பதினான்கு வருடமாக அரிசி வாங்கியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு அவரிடமே பொய் சொல்லிக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு?

வண்டியை எடுக்கும்போது முடிவு செய்திருந்தார். எக்ஸ்டென்ஷன் போனால் போகட்டும்.

பட்டமளிப்பு அன்று காலை பதினோரு மணிக்கே பந்தலின் தகரம் சுட்டது. சோமனூர்த் தறித்துணியில் தைத்த கறுப்பு அங்கிகளுக்குள் பேராசிரியர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். ஊர்வலத்தின் முன்னால் பதிவாளர் செங்கோலை ஏந்தி வந்தார். அது கட்டில் கால் போலவே இருந்தது. கடைந்தவர் கட்டில் கால் கடைகிறவர்தான். துணைவேந்தரின் தொப்பிக் குஞ்சம் மூக்கில் விழ, அவர் கௌரவம் குறையாமல் அதை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டு மேடையேறினார். வேந்தர் அம்மையாருக்கு ஒரு பெரிய நாற்காலி, ஆயருக்கு அதைவிட ஒரு விரல் சின்ன நாற்காலி.

செங்கோடன் அன்று வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தவில்லை. மூன்று பட்டைத் திருநீறு நெற்றியில் அப்படியே இருக்க, மைக்கின் முன்னால் வந்து நின்றார். இரண்டாவது வரிசையில் முத்தாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரவீனா.

எல்லாரும் கண்களை மூடினார்கள்.

“ஆண்டவருங்களே” என்றார் செங்கோடன். “நான் உங்க ஆளு இல்லீங்க. வருசா வருசம் பழனிக்கு நடக்கறவனுங்க. பெரியவங்க சொன்னாங்கன்னு மறுக்க மாட்டாம, தை மாசத்துல இருந்து உங்களைக் கூப்புட்டுட்டு இருக்கறனுங்க. உங்ககிட்டயும் இவங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க. புள்ளைங்க வெயில்ல உக்காந்திருக்குதுங்க. நல்லா இருக்கோணுமுங்க. ஆமெனுங்க.”

“ஆமென்!”

பந்தலே அதிர்ந்தது. கடைசி வரிசையில் சிலர் கை தட்டினார்கள். ஆயர் நாற்காலியை விட்டு அரை அடி எழுந்து, கைகூப்பி, மறுபடி உட்கார்ந்தார். செங்கோடன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேடையின் பின்பக்கமாக இறங்கி, நடந்து, சமையல் பந்தலுக்குள் போய் ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். மைதீன் பிச்சை ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் மோரை அவர் கையில் கொடுத்துவிட்டு, அண்டாவுக்குத் திரும்பினார்.

பட்டங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுவது ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருந்தது. முத்தாத்தாள் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

“மைக்குலயே சொல்லிப்போட்டீங்களே” என்றாள்.

“ஆமா.”

“வேலை போயிருமுங்களா?”

“போயிருச்சுன்னே வெச்சுக்க.”

“போனாப் போகுது. எருமை இன்னொண்ணு வாங்கிக் கட்டிக்கலாம். புள்ளைய நான் படிக்க வெக்கறேன்” என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் அவர் முகத்து வேர்வையைத் துடைத்தாள், திருநீற்றில் படாமல் பார்த்துத் துடைத்தாள்.

விழா முடிந்து நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் வேகமாக வந்தவர் துணைவேந்தர்தான். செங்கோடன் எழுந்து நின்றார்.

“இங்கதான் இருக்கீங்களா பிரதர்? இந்தாங்க.” ஒரு உறையை நீட்டினார். “வேந்தர் மேடையிலேயே கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க ரெண்டு வருஷம் கேட்டிருந்தீங்க. மூணாப் போடச் சொன்னது ஆயர். ஆபீஸ் வேலையோட, எல்லாக் கூட்டத்துக்கும் ஆரம்ப ஜெபம், முடிவு ஜெபம் ரெண்டும் இனி உங்க பொறுப்புன்னு ஆர்டர்லயே போட்டாச்சு.” செங்கோடன் வாயைத் திறப்பதற்குள் அவர் இலை போட்டிருந்த பக்கம் போய்விட்டார். அவருக்கு இரண்டடி பின்னால் ரெவரெண்ட் ஞானபரணம் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார்.

செங்கோடன் உறையைப் பிரித்தார். முத்தாத்தாள் எட்டிப் பார்த்தாள். மூன்று வருடம்தான். கையெழுத்தும் இருந்தது.

“பாய்” என்று மைதீன் பிச்சையைக் கூப்பிட்டார். “நான் பழனிக்குப் போறவனுன்னு மைக்குல சொன்னது இவங்க ஒருத்தருக்குமே கேக்கலீங்களா?”

மைதீன் பிச்சை ஆவி பறக்கிற சோற்றை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டே நிமிர்ந்தார்.

“கேக்காம என்னுங்க சார், நீங்க யாருன்னு மொதல் நாளே அத்தனை பேருக்கும் தெரியும், ஞானபரணம் ஐயரு தானே சுருக்கா ஜெபிச்சா அவரு வேலைக்கே ஒல வந்துருமுன்னு பயந்து, அரை நிமிசத்துல ஆமென் சொல்லி நேரத்துக்குச் சாப்பிட உடற ஒரு ஆளு வேணுமுன்னு உங்க பேரை வி.சி.கிட்ட எழுதிக் குடுத்ததே அவருதானுங்க, மனுசனுக்குச் சர்க்கரை, பசி தாங்காதுங்க!”